தண்டுவட நீரில் வைரஸைத் தேடும்போது

மூளை உறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ்) என்று சந்தேகித்தால் முதுகிலிருந்து தண்டுவட நீர் எடுத்துச் சோதிக்கிறோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த வார்டில் அதை எடுத்தாலும் சரி, வைரஸின் பெயர் தெரிவதும் தெரியாமலே போவதும் பெரும்பாலும் நோயாளியின் படுக்கையருகிலேயே முடிவாகிவிடுகிறது. வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் கருவிக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

குழாய்கள் நான்கு வேண்டும். முதலாவது சர்க்கரை, புரதத்துக்கு. இரண்டாவது பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. மூன்றாவது உயிரணு எண்ணிக்கைக்கு. நான்காவது வைரஸுக்கு, அதில் 1 மி.லி. இருந்தால் நல்லது, 0.5க்குக் கீழே போனால் எந்தச் சோதனையை விடுவது என்று யோசிக்க வேண்டிவரும். அடிக்கடி பார்க்கும் தவறு, நான்கையும் ஒரே ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்புவது. குளிரில் மெனிங்கோகாக்கஸ் என்ற, மூளை உறையைத் தாக்கும் பாக்டீரியா செத்துப்போகும். கல்ச்சர் குழாய் அறை வெப்பத்தில்தான் போக வேண்டும். வைரஸ் குழாயை மட்டும் 2–8 டிகிரியில் வையுங்கள். அணுக்களை ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கிடந்தால் பாக்டீரியா நோயில் மிகும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி உடைந்துபோய், பாக்டீரியா நோயே வைரஸ் நோய்போலத் தெரியும். நீர் தெளிவாக இருக்கிறதே என்று எண்ணாமல் விடாதீர்கள், ஒரு மைக்ரோலிட்டரில் 200 அணுக்கள் வரை கண்ணுக்குக் கலங்கல் தெரியாது.

நம் ஊரில் வைரஸ் என்று எழுதுவதற்கு முன் காசநோயை நினைத்தாக வேண்டும். லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு மிகுந்திருப்பது இரண்டுக்கும் பொது. சர்க்கரை குறைந்து, புரதம் ஏறி, காய்ச்சலும் வாரக்கணக்கில் இழுத்திருந்தால் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு இன்னும் கூடுதலாக நீர் எடுங்கள். அது நெகட்டிவ் என்றாலும் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவும், மருந்துக்கடையில் வாங்கி அரைகுறையாகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கும் இதே தோற்றத்தைத் தரும்.

பிசிஆரில் முதலில் குடலில் பெருகும் என்டெரோவைரஸ், குழந்தைகளுக்குக் கட்டாயம். மலமும் தொண்டைத் துடைப்பும் கூடவே அனுப்பலாம். ஆனால் மலத்தில் வைரஸ் பல வாரம் வந்துகொண்டிருக்கும். அது மட்டும் பாசிட்டிவ் என்றால் துணைச் சான்று, அவ்வளவே. அடுத்து ஹெர்பிஸும் அக்கி வைரஸும். அக்கிக் கொப்புளமே இல்லாமலும் மூளை உறை அழற்சி வரும். மனக்குழப்பமோ வலிப்போ இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் ஹெர்பிஸுக்கான மருந்தான அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். முதல் மூன்று நாளில் ஹெர்பிஸ் பிசிஆர் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். சந்தேகம் நீங்காவிட்டால் சில நாள் கழித்து மறுபடி நீர் எடுங்கள்.

பொன்னுக்கு வீங்கியை மறக்கிறார்கள். அரசுத் தடுப்பூசியில் இருப்பது தட்டம்மையும் ருபெல்லாவும்தான், பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. அது கன்னம் வீங்காமலே மூளை உறையைத் தாக்கும், சர்க்கரையைக்கூடச் சற்றுக் குறைத்துக் காட்டிக் குழப்பும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு பிசிஆர் பெரும்பாலும் உதவாது. நோயாளி வந்து சேர்வதற்குள் வைரஸ் மறைந்திருக்கும். தண்டுவட நீரில் உடலின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா பாருங்கள், டெங்குவோடு குறுக்கே வினைபுரியும் என்பதால் இரண்டையும் சேர்த்தே. முதல் சில நாளில் நெகட்டிவ் வரும். அதனால்தான் மாதிரியோடு வரும் சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கேட்கிறோம். அந்தக் கட்டம் காலியாக வந்தால் நெகட்டிவுக்கு அர்த்தமே சொல்ல முடியாது.

ரத்தம் கலந்த நீர் பிசிஆரைத் தடுக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட குழாயும் அப்படியே. சோதனை சரியாக ஓடியதா என்று காட்டும் உள் கட்டுப்பாடு எழும்பவில்லையென்றால் 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது, 'சோதனை செல்லாது' என்றே எழுத வேண்டும். மிச்ச நீரைச் சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் என்டெரோவைரஸின் ஆர்என்ஏ சிதைந்துபோகும்.