அட்டையின் இரண்டாவது வரி

"அப்போ யாருக்குப் பயந்து உண்மை சொல்லப் போறீங்க?"

சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி இது. ஆறு வருஷம் ஆகிறது. நீதிபதி காதில் விழக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அந்தத் தாழ்த்தல்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. கேட்கக் கூடாத கேள்வி என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நான் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். சாட்சிகளிடம் சத்தியப் பிரமாணம் வாங்குவது என் நாக்குக்குப் பழகிய வேலை. "கடவுள் அறிய" என்று ஆரம்பித்து நான் சொல்லச் சொல்ல, சாட்சி திருப்பிச் சொல்வார். சினிமாவில் வருகிற மாதிரி கீதையில் கை வைப்பதெல்லாம் கிடையாது. என் மேசையில் ஒரு லேமினேஷன் அட்டை இருக்கும், அவ்வளவுதான். மேல் வரி கடவுள் பெயரால். கீழ் வரி, "உளமார உறுதி கூறுகிறேன்". மேல் வரியின் ஓரம் என் கட்டைவிரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. கீழ் வரி வாங்கின அன்றைக்கு இருந்த பளபளப்போடு அப்படியே இருந்தது.

வாய்க்கால் தகராறில் நடந்த அடிதடி வழக்கு. அந்தப் பெண் அரசுத் தரப்பில் மூன்றாவது சாட்சி. பாலக்கோடு பக்கம் தையல் கடை வைத்திருந்தார். எதிரிகளில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில், ஒருவர் அவருடைய சித்தப்பா மகன்.

நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். "நான் உறுதிமொழி சொல்றேன் சார், எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. சொல்லிடுங்க."

"ஒண்ணுதான்னா நான் சொல்ற மாதிரியே வாங்கிக்கங்களேன் சார்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. அவர் என்னை நேராகப் பார்த்தார். "பயப்படுறவளா இருந்தா இன்னிக்கு நான் வந்திருக்கவே மாட்டேன் சார்."

"என்ன தாமதம்?" என்றார் நீதிபதி. சொன்னேன். "உறுதிமொழி வாங்குங்க" என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டார். ஒரு நிமிஷ விஷயம். அங்கே இருந்த யாருக்கும் இது ஞாபகம் இருக்காது.

எனக்கு ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியது என்று யோசித்தால் என் பாட்டியிடம்தான் போய் நிற்கிறேன். தேய்பிறை அஷ்டமி தவறாமல் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போவார். சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போடுவார். காற்றில் அணையாமல் நான் கையைக் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும். "பொய் சொன்னா இவர் கணக்கு வச்சுப்பார்டா" என்பார். சின்னப் பொய் ஒன்று சொன்னால் கூட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. உண்மையும் பயமும் எனக்குள் ஒரே செடியாக முளைத்தவை. ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று எப்படி நிற்கும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பெரியார் சிலைப் பீடத்தில் கடவுள் இல்லை என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்த வயதில் பாட்டி என் தோளைப் பிடித்துத் திருப்பினார். திட்டவில்லை. "அவர் நமக்கு எவ்வளவோ நல்லது பண்ணினவர்தான். சாமியை மட்டும் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். நாத்திகர் என்றால் எனக்கு இன்றும் அந்தக் குரல்தான். மரியாதை உண்டு, கூடவே தோளில் ஒரு கை.

நான் யாரையும் அவமானப்படுத்த நினைத்ததில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதே வழக்கில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஏறிய இரண்டு பேரும் கண்ணை மூடிக் கடவுள் அறியச் சொன்னவர்கள். ஒருவர் நெற்றி நிறைய விபூதி. இரண்டு பேருமே "நான் எதையும் பார்க்கலீங்க" என்று பிறழ் சாட்சி ஆனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பாவம், அந்த ஊரிலேயே பிழைக்க வேண்டியவர்கள் என்றுதான் தோன்றியது. சாமி பேரைச் சொல்லிவிட்டுப் பொய் பேசியவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. சாமி பேரைச் சொல்லமாட்டேன் என்றவரைத்தான் முடியவில்லை. இதை எழுதும்போது கூடக் கூச்சமாக இருக்கிறது.

சட்டத்தில் குழப்பமே இல்லை. 1969-ஆம் ஆண்டு பிரமாணச் சட்டப்படி சாட்சி விரும்பினால் பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி கொடுக்கலாம். பொய்ச் சாட்சிக்கு எந்த வரியைச் சொன்னவருக்கும் ஒரே தண்டனை, 7 ஆண்டு வரை சிறை. அதற்கு முன்பிருந்த 1873-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறொரு வழியும் இருந்தது. எதிர்த்தரப்பு இன்ன விதமாகச் சத்தியம் செய்து சொன்னால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று வழக்காடுபவர் ஒப்புக்கொள்ளலாம்; கோயிலில் வைத்துச் செய்கிற சத்தியமும் இதில் வரும். 1969-ல் அதை விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளில் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் மனசு அந்தப் பழைய சட்டத்திலேயே நின்றுவிட்டது போல.

குறுக்கு விசாரணையையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பம்பு செட் பக்கத்தில் நின்று பார்த்ததாக அந்தப் பெண் சொன்னார். போலீஸ் போட்ட வரைபடத்தில் பம்பு செட் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எதிரித் தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் தடுமாறிய அந்த நொடியில் எனக்குள் "பார்த்தியா" என்று ஒரு சந்தோஷம் எழுந்து அடங்கியது. வரைபடம் தப்பாக இருந்திருக்கலாம். அவரே தப்பாகச் சொல்லியிருக்கலாம். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து எதிரிகளை விடுதலை செய்தார்கள். அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. என் சந்தோஷம் உண்மை.

அதன் பிறகு கொஞ்ச நாள் ஒவ்வொரு சாட்சியிடமும் இரண்டு வரியையும் படித்து எது வேண்டும் என்று கேட்டேன். ஒரு வயசான அம்மா, "சாமி இல்லாம கூட ஒண்ணு இருக்குதுங்களா?" என்று பயந்து போய் நீதிபதியைப் பார்த்தார். வக்கீல்களுக்கும் எரிச்சல். மூன்று வாரத்தில் விட்டுவிட்டேன். இப்போது மறுபடி மேல் வரிதான். யாராவது கேட்டால் கீழ் வரிக்கு விரலை நகர்த்துகிறேன், மறுபேச்சு இல்லாமல். அது போதுமா என்று தெரியவில்லை.

அன்று சாட்சியம் முடிந்து, எழுதிய பக்கங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாட்சிக்குக் கொடுக்கும் பேட்டா பணத்தை வாங்க அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார். ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திய சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது.

"ஊருக்குப் பஸ் இருக்காம்மா?" என்றேன்.

"இருக்குது சார். அஞ்சே காலுக்கு" என்றார்.