குடையும் கொடையும்

சாயங்காலம் நாலரைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு பிள்ளைகள் வந்து உட்காரும். தக்கலைப் பக்கம்தான் ஊர். மழை நாளில் ரப்பர் பால் வெட்டு கிடையாது, அன்றைக்கு மட்டும் அப்பாமார் கொண்டு விடுவார்கள். எல்லாம் ஒன்றாம் வகுப்பு.

போன வாரம் 'குடை' என்று சொல்லி எழுதச் சொன்னேன். ஒருத்தி 'கொடை' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழித்துவிட்டு, "மக்களே, இது அம்மன் கோயில் கொடையில்லா?" என்றேன். எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்குக் கொடை என்று பேர்.

"நீங்கதானே டீச்சர் கொடைன்னு சொன்னிய."

சரிதான். என் வாயில் வந்தது கொடைதான். முதலெழுத்தில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இ எகரமாகும், உ ஒகரமாகும். இலை எலை, விறகு வெறகு, குடம் கொடம். குமரியில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வருஷா வருஷம் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்கிற பிள்ளைக்கு அந்த எழுத்தில் என்ன சந்தேகம் வரும்?

அப்புறம் வேறு சொற்களில் தொடங்கினேன். கல், பல், புல், முள், நெல், சொல். பேச்சில் கல்லு, முள்ளு என்று வால் முளைக்கும், முதல் குறில் மாறாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, ஒரு புளியங்கொட்டை, நெடிலுக்கு இரண்டு. கல்-கால், பல்-பால் ஒரே நாளில் பிடிபட்டது.

நெல்லும் சொல்லும்தான் பாடு. காதில் முதலில் விழுவது 'ந்'. கையில் முதலில் வரவேண்டியது கொம்பு. நகரத்தை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் ஒட்டுகிறார்கள். 'சொ'வுக்கோ முன்னால் கொம்பு, பின்னால் கால். ஒருவன் இரட்டைக் கொம்பு போட்டு 'நேல்' என்றான். திட்ட மனம் வரவில்லை. பழைய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே கொம்புதான். குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும், ஓலையில் அதையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்துதான் நெடில் கொம்பைச் சுழித்துக் கொடுத்தார்.

இப்போது சொல்வதற்கு முன்னால் வாயைக் குவித்துப் பார்த்துக்கொள்கிறேன்: கு. நேற்று 'இலை'யில் வழுக்கிவிட்டது. அவள் பென்சிலை எடுக்காமலே கேட்டாள்:

"டீச்சர், இது பேசுத எலையா, எழுதுத இலையா?"