11.30 மணிக்குத் தோசை கேட்பவர்

சென்னைக்குப் புதிதாக வந்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம். காலை 11.30 மணிக்கு ஓட்டலில் உட்கார்ந்து "ஒரு நெய் ரோஸ்ட்" என்பார். கையில் இலைக்கட்டோடு நிற்கும் சர்வர், "டிபன் முடிஞ்சுது சார், மீல்ஸ்தான்" என்பார். இவர் கோபித்துக்கொண்டு ஒரு காபியோடு எழுந்துபோய், ஊரெல்லாம் சுற்றிவிட்டு 4 மணிக்கு வெறும் வயிற்றோடு திரும்பி வருவார். "மீல்ஸ் இருக்கா?" "டிபன்தான் சார்."

சர்வருக்கு இவர்மேல் பகை எதுவும் கிடையாது. பழைய ஓட்டல்களில் தோசைக்கல்லுக்கென்று ஒரு ஆள் தனியாக நிற்க வேண்டும். மீல்ஸ் நேரத்தில் அந்த ஆள் அப்பளம் பொரிக்கவோ கூட்டு கிளறவோ போய்விடுவார். கல் ஆறிவிடும். ஆறிய கல்லில் ஊற்றினால் முதல் இரண்டு மூன்று தோசைகள் சுரண்டி எடுக்கத்தான் லாயக்கு. உங்கள் ஒருவருக்காகக் கல்லைக் காயவைத்து, வெங்காயம் தேய்த்து, பதம் பார்த்துக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்கும் முப்பது பேர் சும்மா இருப்பார்களா? கடையின் பெயரைப் போனில் தேடிவிட்டு வருவது பாதி வேலைதான். எந்தப் பண்டத்துக்கு எந்த நேரம் என்பது மீதிப் பாதி.

விடிந்ததும் சைதாப்பேட்டை. அங்கே மாரி ஓட்டல் வடகறிக்குப் பேர்போனது. வடகறி என்றதும் ஏதோ வடநாட்டுக் கறி என்று நினைத்து, "சிக்கனா மட்டனா?" என்று கேட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. வெறும் வடைதான். ஒரு டம்ளர் கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, சோம்பு, மிளகாய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, முக்கால் பதத்துக்குப் பொரித்தோ ஆவியில் வேகவைத்தோ எடுக்க வேண்டும். அதைக் கையால் உதிர்த்து, பட்டை, கிராம்பு தாளித்து வெங்காயமும் தக்காளியும் வதக்கிய குழம்பில், மூன்று டம்ளர் தண்ணீரோடு கொதிக்கவிட வேண்டும். பருப்பை மையாக அரைத்தால் களி. வடையைச் சிவக்கப் பொரித்தால் குழம்பு உள்ளே இறங்காமல் கூழாங்கல் மாதிரி மிதக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் 7 மணிக்குத் தளர்வாக இருந்தது 10 மணிக்குக் கரண்டியில் நட்டுக்கொண்டு நிற்கும். செட் தோசைக்குத் தளர்ந்த வடகறிதான் சேர்த்தி.

மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். இடம் கையளவு. உள்ளே இருப்பவர் எழுந்தால்தான் வெளியே நிற்பவர் உட்கார முடியும். பொங்கல், இட்லி, வடை, கெட்டிச் சட்னி. சட்னியில் தண்ணீர் குறைவாக விட்டால் தேங்காயின் இனிப்பு நிற்கும், அவ்வளவுதான் ரகசியம். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் விஷயம் தலைகீழ். 1948 முதல் இருக்கும் கடை. அங்கே இட்லி மூழ்குமளவு சாம்பார் ஊற்றுவார்கள். "சாம்பாரைத் தனியா ஒரு கப்ல கொடுங்க" என்று கேட்பது அங்கே பெரிய அசட்டுத்தனம். இட்லியை நாலாகப் பிட்டு, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, ஸ்பூனால் சாப்பிட வேண்டியது. தீரத் தீர ஊற்றிக்கொள்ளலாம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்வது உத்தமம்.

வெயில் ஏறியதும் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் காளத்தி கடை ரோஸ்மில்க். பேப்பர் கடையில் ரோஸ்மில்க் விற்கிறார்களே என்று சந்தேகப்பட வேண்டாம், கடைப் பெயரிலேயே பேப்பர்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் 12 மணிக்கே அண்டா பக்கத்தில் இருக்க வேண்டும். தம் உடைத்த ஆவியோடு சாப்பிடுவதற்கும், இரண்டு மணி நேரம் மூடி மூடித் திறந்ததைச் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அரிசியிலேயே தெரியும். முன்னது உதிரும், பின்னது ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். கறியும் மசாலாவும் அடியில்தான் கிடக்கும். மேலாக அள்ளினால் வெள்ளைச் சோறு வரும். ஊர்க்காரர் "பாய், ஓரமா அடியிலேருந்து போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பார். 2 மணிக்கு மேல் போனால் குஸ்கா மட்டும். கத்திரிக்காய் தொக்கு மீதமிருந்தால் அதிர்ஷ்டம்.

சாயங்காலம் பாரிமுனைப் பக்கம், செகண்ட் லைன் பீச் தெரு. அத்தோ தள்ளுவண்டிகள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். கூடவே வந்த சாப்பாடு இது. வேகவைத்து எண்ணெய் பூசிய ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக அரிந்த பச்சைக் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு பொரித்த எண்ணெய், வறமிளகாய்த் தூள், பொட்டுக்கடலை மாவு, உப்பு. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பொரித்த வெங்காயமும் நொறுக்கிய பேஜோவும் தூவுவார்கள். பேஜோ என்பது தட்டையாகப் பொரித்த மொறுமொறுப்பு. கூட ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கும். "ஆறிப்போச்சே, சூடா கொடுங்க" என்பது முதலாவது. அது பிசைந்து தருகிற பண்டம், சூடெல்லாம் சூப்பில்தான். பார்சல் வாங்குவது இரண்டாவது. உப்புப் பட்ட கோஸ் பத்தே நிமிடத்தில் தண்ணீர் விட்டு, பேஜோ நமுத்து, வீடு போய்ச் சேரும்போது பொட்டலத்தில் ஈரத்துணி மாதிரி ஒன்று இருக்கும். மூன்றாவது, முட்டை. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் விட்டுத் தருவார்கள். முழுசாக ஒரே வாயில் போட வேண்டும். நாசூக்காகப் பாதி கடித்தால் மீதிப் பாதியின் புளித்தண்ணீர் முழங்கை வரை வழியும். இதற்கு இன்றுவரை மாற்று வழி கிடையாது.

பக்கத்திலேயே சவுகார்பேட்டை. மின்ட் தெரு காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபி சூடாக இருக்கும்போதே நின்றபடி முடித்துவிட வேண்டும். ஆறினால் பாகு உறைந்து பல்லோடு மல்லுக்கு நிற்கும். முறுக்கு சாண்ட்விச்சுக்குச் சட்டையைக் காப்பாற்றும் ஒரு நிலை உண்டு: கால்களை அகட்டி, இடுப்பை வளைத்து, தலையைத் தட்டுக்கு மேலே நீட்ட வேண்டும். இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. ஒரு கடிக்கு நாலு பக்கமும் சிதறும். என்எஸ்சி போஸ் சாலையில் சீனா பாய் கடையின் நெய்ப்பொடி இட்லியைக் காலையில் தேடிப் போவது வீண். அது ராத்திரி வியாபாரம். "ரெண்டு பேருக்கு ஒரு பிளேட் போதும்" என்று தொடங்குபவர்கள் நாலாவது பிளேட்டில் நெய்யைப் பற்றிக் கவலைப்படுவார்கள்.

மணி 11 ஆனால் மற்றக் கடைகளில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். தெருமுனைக் கையேந்தி பவனில் பெட்ரோமாக்ஸ் போய் எல்இடி பல்பு வந்துவிட்டது. தட்டின்மேல் விரிப்பது மட்டும் இன்னும் வாழையிலைத் துண்டு. அங்கேயும் ஒருவர் வந்து நிற்பார்.

"அண்ணே, சாப்பாடு இருக்கா?"

"தோசைதான் சார் இருக்கு."