இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய கட்டிடங்களைப் பார்த்து, இடிக்கலாமா பழுது பார்க்கலாமா என்று சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. எங்கே போனாலும் முதல் கேள்வி இதுதான்: "சார், இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?" கான்கிரீட் என்றால் அறுபது, எழுபது வருடம் என்று எல்லோர் மனதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நான் பார்த்தவரை அந்தக் கணக்குப்படி இடிபட்ட வீடு ரொம்பக் குறைவு. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்ற வழி இருக்கிறதா, மாற்றத் தெரிந்த கை இருக்கிறதா என்பதில்தான் ஆயுள் நிற்கிறது.

புதுச்சேரி தமிழ்ப் பகுதியில், வைசியாள் வீதிப் பக்கம் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்த வீடுகளைப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணித் தளம். நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகள், அதன்மேல் குத்தாக வைத்து ஒட்டிய சிறு செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி இறுக்கிய கனமான அடுக்கு, கடைசியில் தட்டையான ஓடு. சுவருக்குள் ஒரு கட்டையின் முனை உளுத்துப்போனால் முட்டுக் கொடுத்துவிட்டு அந்தக் கட்டையை மட்டும் மாற்றிவிடலாம். சுவர் ஓதம் குடித்தாலும் சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். அதே சுவரில் சிமெண்ட் பூசி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை அரிக்க ஆரம்பிக்கும். இந்த வீடுகள் பலவற்றை வயதைவிட இப்படிப்பட்ட பழுது வேலைதான் அதிகம் கெடுத்திருக்கிறது, இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

இதோடு ஒப்பிட்டால் 1980, 90களில் கடலோரத்தில் கட்டிய கான்கிரீட் வீடுகளுக்குத்தான் சீக்கிரம் வயதாகிவிட்டது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. அதன் 1978ஆம் வருடப் பதிப்பில் வீட்டுத் தளத்துக்கு எம் 15 கான்கிரீட் (எம் எண் கூடினால் பலம் கூடும்), கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், போதும் என்று இருந்தது. 2000இல் வந்த திருத்தம் கடற்காற்று படும் இடத்துக்கு எம் 30, 45 மில்லிமீட்டர் கவர் என்றது. பழைய வீடுகள் பலவற்றில் அந்த 15கூட இருக்காது, கம்பியைத் தூக்கி வைக்கும் கவர் பிளாக் இல்லாமல், கான்கிரீட் ஊற்ற அடிக்கும் சென்ட்ரிங் பலகைமேலேயே கம்பி கிடந்திருக்கும். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் பாளம் பாளமாக வெடித்து விழும். கொஞ்சம் உடைத்துப் பினாப்தலின் என்கிற சோதனைத் திரவத்தைத் தெளிப்போம். ரோஸ் நிறம் வந்தால் கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, நிறமே வராவிட்டால் அந்த ஆழம் வரை கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. தூண், உத்திரம் எல்லாம் திடமாகத்தான் இருந்தன. கெட்டது மாடிக் குளியலறையின் சங்கன் ஸ்லாபுக்குள், அதாவது பைப்புக்காகத் தாழ்த்திப் போட்ட தளத்துக்குள், புதைத்த பைப். அது எந்த வழியாகப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, வரைபடமும் இல்லை. கசிவைத் தேடி உடைத்து உடைத்துப் பூசியதில் கீழ் அறைத் தளம் போய்விட்டது. அதற்குள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு, வாசல்படி ரோட்டுக்குக் கீழே இறங்கி, மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் கூடத்துக்கு வர ஆரம்பித்தது. "தம்பி, வீட்டுக்கு ஒண்ணும் ஆகல, எங்களாலதான் இதுல இருக்க முடியல" என்றார் வீட்டுக்கார அம்மா. ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்று யோசித்துப் பார்த்தார்கள், பிள்ளைகளுக்குள் பாகம் பிரிக்கும் பேச்சும் சேர்ந்துகொள்ள, கடைசியில் இடித்துவிட்டார்கள். திடமான தூண்களை பிரேக்கர் வைத்து உடைப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

சரி, சுண்ணாம்பு நல்லது, கான்கிரீட் கெட்டது என்று முடித்துவிட முடியாது. கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் கட்டிய மேரி கட்டிடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டிடம்), 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. இப்போது நிற்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தது. அதே ஊரில், கடலுக்கு அவ்வளவு பக்கத்தில், அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937இல் வேலை தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி, பூச்சில்லாத கான்கிரீட் கட்டிடம், இன்றும் ஆட்கள் தங்கும் கட்டிடமாகவே இருக்கிறது. காற்றை வேண்டிய அளவு விடத் திறந்து மூடும் பலகைகள், தளத்துக்கு மேலே இடைவெளி விட்டு வளைந்த ஓடுகள். ஆசிரமத்துக்காரர்கள் அதைப் பராமரிக்கும் ஒழுங்கு இல்லாமல் அந்தக் கான்கிரீட் இத்தனை காலம் நின்றிருக்காது.

புது வீடு கட்ட வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் பிடிவாதமாக இருப்பது சில விஷயங்களில்தான். பைப்பெல்லாம் கதவு வைத்த ஒரு டக்டில், அதாவது பைப்புக்கென்றே விட்ட குழியறையில், வர வேண்டும், தரைமட்டம் இன்றைய ரோட்டைப் பார்க்காமல் நாளைய ரோட்டை நினைத்து வைக்க வேண்டும், மொட்டைமாடி ஓரமெல்லாம் ஏறிப்போய்ப் பார்க்கும்படி இருக்க வேண்டும். டக்ட் என்றாலே "ரெண்டு அடி இடம் போகுதே சார்" என்பார்கள், அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசத் தயார். அப்புறம், பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் ஒயர், பைப் தெரிய போட்டோ எடுத்து, அளவோடு பிரிண்ட் போட்டு, பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்கிறேன்.