பாலாவித் தண்ணீரும் மூன்று ஈச்சரமும்

முன்னேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், திருக்கோணேஸ்வரம் என்ற மூன்று சிவன் கோயில்களுக்கும் சேர்த்து நேர்த்தி வைத்தவர்கள் கொழும்பிலிருந்து இரண்டு நாளில் போய்வரலாம். தூரத்தைப் பார்த்து நேரம் போட்டால் பிழைக்கும். நடை சாத்துவதைப் பார்த்துப் போடுங்கள். மதியப் பூசை முடிந்தால் பிறகு மாலைதான்.

முதல்நாளே கொழும்புச் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலில் தேங்காய் உடைத்து, மாலையும் கற்பூரமும் அங்கேயே வாங்கி, மாலையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வழியில் வான் நிற்க முன்னமே யன்னலுக்குள்ளால் அருச்சனைத் தட்டைத் திணிப்பார்கள். கையில் வாங்கிய பிறகுதான் விலை சொல்வார்கள், பழமும் முந்தாநாள் பழம்.

விடிய மூன்றரைக்குப் புறப்பட்டால் 80 கிலோமீற்றரில் முன்னேஸ்வரம் இருக்கிற சிலாபம். முன்னைநாதரையும் வடிவாம்பிகையையும் காலைப் பூசையிலேயே கும்பிட்டுவிடலாம். புத்தளத்தில்தான் பலர் தடுமாறுவது. வரைபடத்தில் மன்னார் கிட்டத் தெரியும், ஆனால் அந்த நேர்வழி வில்பத்துக் காட்டுக்குள்ளால் போகிறது. அநுராதபுரம், மதவாச்சி, முருங்கன் என்று சுற்றிப் போங்கள். கேதீஸ்வரத்தில் மாலைப் பூசை கண்டு, இரவு மடத்தில் தங்கலாம். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சிவராத்திரியை அண்டிய நாட்களில் இடத்தை நினைக்கவே வேண்டாம்.

மறுநாள் விடியப் பாலாவி, கேதீஸ்வரத்தின் தீர்த்தக் குளம். சுந்தரர் பாடிய அதே பாலாவிதான். கோயில் மகாலிங்கத்துக்கு ஊற்றத் தண்ணீர் அள்ளப் பெரிய குடம் வேண்டாம். நிரப்பினால் பத்து லீற்றர், ஈர வேட்டி காலில் சுற்ற, கோயிலுக்கு வரும்போது பாதிதான் மிஞ்சும். மூன்று லீற்றர் செம்பு போதும். படி பாசி பிடித்திருக்கும், குதிக்கால் ஊன்றி இறங்குங்கள். மகாலிங்கத்துக்கு மேல் ஒரேயடியாகக் கவிழ்க்காமல் நூல்போல ஊற்றுங்கள். ஐயர் கை இல்லை, திரை இல்லை. நம்முடைய கையால் ஊற்றுகிற தண்ணீர் அவருடைய உச்சியில் விழுந்து, தோளாய் வளைந்து, கீழே நம் காலையே வந்து நனைக்கும். அப்பனே, இதற்கு மேல் என்ன வேண்டும்! ஊற்றி முடித்தும் செம்பை நிமிர்த்த மனம் வராது. பின்னால் நிற்கிறவர்கள் முதுகில் தட்டினால்தான் நகர்வோம்.

எட்டு மணிக்குக் கிளம்பி வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் போனால் திருகோணமலையில் நடை சாத்தியிருக்கும். அந்த இடைவெளிக்குத்தான் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு. கையை விட்டுப் பார்த்து, வாளியால் அள்ளி ஊற்றுங்கள்.

கோணேசர் மலையில் படம் பிடிக்க வந்த கூட்டம் வழியை மறிக்கும், ஒதுங்கிப் போங்கள். மலையோரத்தில் தொட்டில் கட்டுகிறவர்கள் முடிச்சை இரண்டாகப் போடுங்கள், கடற்காற்று விடாது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். ஒளித்து வைத்த விக்கிரகங்கள் 1950 இல் கிணறு வெட்டும்போதுதான் வெளியே வந்தன. தீபாராதனை நேரத்தில் அந்தக் கிணறு வெட்டியவர்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடுங்கள்.