டாண்டி 102ல மெமரி சிப் மாத்துனது: 29638 காட்டுனா மட்டும் போதாது

என்கிட்ட இருக்க டாண்டி 102, பழைய போர்ட்டபிள் கம்ப்யூட்டர், போன மாசம் வரைக்கும் மெனுவுக்குக் கீழ 21446 பைட்ஸ் ஃப்ரீன்னுதான் காட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்ப 29638. ரெண்டுக்கும் வித்தியாசம் சரியா 8192, அதாவது ஒரு 8கே (8 கிலோபைட்) மெமரி சிப்பு. நம்பர் வந்ததோட வேலை முடியல, அதுக்கப்புறம்தான் உண்மையான வேலையே இருந்துச்சு, அதைத்தான் விவரமா எழுதுறேன், ஏன்னா இந்த மாதிரி பழைய போர்ட்டபிள் வச்சிருக்கவங்க பல பேரு நம்பரைப் பாத்ததும் மூடி ஸ்க்ரூவை டைட் பண்ணிடுறாங்க.

மெஷின் டாண்டி 102, 1986ல வந்தது. 1983ல வந்த மாடல் 100 இருக்குல்ல, ஜப்பான்ல கியோசெரா செஞ்சு குடுத்தது, அதோட ஒல்லி தம்பி. நாலு பென்சில் பேட்டரில ஓடும், நாப்பது எழுத்து எட்டு வரி ஸ்க்ரீன், உள்ள பேசிக்கும் (ப்ரோக்ராம் எழுதுற மொழி) டெக்ஸ்ட் எடிட்டரும் ரோம்லயே (அழியாத மெமரி) இருக்கு. மாடல் 100 ரோம்ல பெரும்பகுதி பில் கேட்ஸ் தானே உக்காந்து எழுதுனது, அதே சரக்குதான் இதுலயும் கொஞ்சம் மாத்தத்தோட. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைல, எனாமல் தூக்குச்சட்டி அடுக்குக்குப் பக்கத்துல இருந்து எடுத்தது. சிங்கப்பூர்ல இருந்து யாரோ கொண்டாந்ததுன்னு கடைக்காரண்ணன் சொன்னாரு, அதுக்கு மேல அவருக்கும் தெரியல.

திறந்து பாத்தா எல்லாருக்கும் வர்ற அதே வியாதி, போர்டுல இருக்க 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகி பச்சை பூத்திருந்துச்சு. அதுக்குள்ள இருக்கது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம், அதனால முதல்ல வெள்ளை வினிகர் தொட்டுத் துடைச்சு நுரை அடங்குனதும் டிஸ்டில்ட் வாட்டர், கடைசியா ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்). சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்க ஊர்ல வளந்துட்டு பேட்டரி அரிப்பை வெறுமனே பிரஷ் போட்டுத் தேய்க்க மனசு வராது. டிராக் எல்லாம் தப்பிச்சிருச்சு. ஆனா கூடுதல் மெமரிக்குன்னு இருக்க 28 பின் சாக்கெட்ல, யாரோ முன்னாடி போட்டிருந்த சிப்போட கால் ரெண்டு அரிச்சுப்போய் லேசா நிமித்துனதுமே கையோட வந்துருச்சு. அதான் 21446. போர்டுல உள்ள 24கே மட்டும் உயிரோட இருந்துச்சு.

இதுல போட வேண்டியது 6264, 8கே ஸ்டேட்டிக் ராம். 62256 (32கே சிப்பு) கைல இருக்கு, அதுவும் 28 பின்தானே போட்டுறலாமான்னு கேப்பாங்க, நேரா போடக்கூடாது, ஏன்னா 6264ல 26ஆவது பின் ரெண்டாவது சிப் செலக்ட் (சிப்பை எழுப்புற, தூங்க வைக்கிற பின்), 62256ல அதே பின் அட்ரஸ் லைன் (எந்த பைட்டுன்னு காட்டுறது). வேகம் பிரச்சனையே இல்ல, இதோட ப்ராசசர் 80சி85 ஓடுறது 2.4 மெகாஹெர்ட்ஸ்ல, இப்ப கிடைக்கிற எந்த சிப்பும் அதுக்கு தாராளம்.

ஆன்லைன்ல ஒரு இடத்துல சல்லிசா அஞ்சு சிப் கிடைச்சுச்சு, மேல எல்பின்னு பளிச்சுன்னு பிரிண்ட் (அதுல எல்னா கரண்ட் கம்மியா இழுக்குற ரகம்). போட்டேன், கண்ட்ரோலையும் பாஸ் (PAUSE) கீயையும் அமுக்கிக்கிட்டு பின்னால ரீசெட்டைத் தட்டுனேன் (இது கோல்ட் ஸ்டார்ட், உள்ள இருக்க ஃபைல் எல்லாம் போயிரும், ஆனா புது மெமரியை எண்ண வைக்கிறதுக்கு இதான் வழி). 29638. அப்பத்தா சொல்லச் சொல்ல பலகார அளவெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு வச்சேன், வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசி, அந்த டம்ளர் மேலயே கோபுரமா உளுந்தைக் குமிச்சு எடுக்கணும், அந்த மாதிரி. அப்புறம் கல்யாணம்னு தேவகோட்டை போறப்ப பென்சில் பேட்டரி ஒழுகிறக் கூடாதுன்னு கழட்டி வச்சுட்டுப் போனேன், உள்ள புது நிக்கல் ஹைட்ரைடு பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கு, மெமரி ஸ்விட்சும் ஆன்லதான் இருக்கு. ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்து பாத்தா சுத்தமா காலி.

இந்த மெஷின்ல டிஸ்க்கு கிடையாது. ராம்தான் அலமாரி. ஆஃப் பண்ணுனாலும் அந்த சின்ன பேட்டரிதான் ராமை உயிரோட வச்சிருக்கணும், அதோட கொள்ளளவு வெறும் 50 மில்லி ஆம்பியர் அவர். அதனால சிப்பு எழுதுதா படிக்குதாங்கிறது பாதிக் கேள்விதான், சும்மா இருக்கப்ப எவ்வளவு கரண்ட் இழுக்குதுங்கிறதுதான் மீதிப் பாதி. 6264ல எல் போட்ட ரகம் 2 வோல்ட் வரைக்கும் இறங்குனாலும் டேட்டாவைப் பிடிச்சு வச்சுக்கும், இழுக்கிறது மைக்ரோ ஆம்பியர் கணக்கு. எல் இல்லாத சாதா ரகத்துக்கு அந்த உத்தரவாதமே கிடையாது, சும்மா இருக்கப்பவே மில்லி ஆம்பியர் கணக்குல இழுக்கலாம்.

செக்காலை ரோட்டுல டிவி ரிப்பேர் பாக்குற அண்ணன்கிட்ட கொண்டு போனேன். "சிப்பு ஒண்ணும் கெடல தம்பி, கரண்ட்ட குடிக்குது, அளந்து பாரு"ன்னாரு. ப்ரெட்போர்டுல (சால்டர் இல்லாம குத்திப் பாக்குற பலகை) போட்டு, சிப்பு தூங்கட்டும்னு 26ஆவது பின்னை கிரவுண்ட்ல கட்டி, மத்த இன்புட் எதையும் அந்தரத்துல விடாம எல்லாத்தையும் கிரவுண்ட்ல சேத்து, 3 வோல்ட்டை மீட்டர் வழியா குடுத்தோம். 0.9 மில்லி ஆம்பியர். 50ஐ 0.9ஆல வகுத்தா 55 மணி நேரம் சொச்சம், என் கல்யாணப் பயணக் கணக்குக்கு அச்சா பொருந்துது. மீதி இருந்த சிப்பும் எல்லாம் அந்த ரகம்தான். அண்ணன் பஞ்சுல அசிட்டோன் தொட்டு மேல தேச்சாரு, கருப்பு மை கழண்டு வந்துச்சு, அடியில வேற பிரிண்ட் மங்கலா தெரிஞ்சுச்சு, அதுல எல்லும் இல்ல ஒண்ணும் இல்ல. பழைய சாதா சிப்பை எடுத்து கருப்பு பூசி எல்பின்னு அடிச்சு வித்திருக்காங்க. எனக்கு உண்மையிலேயே கோவம், பைசாவுக்காக இல்ல, அப்பத்தாவை திருப்பி முதல்ல இருந்து சொல்லச் சொல்றது எவ்வளவு கஷ்டம்.

அதுக்கப்புறம் பழைய ஸ்டாக்கைத் தேடுறதையே விட்டுட்டு புதுசா தயாராகுற அலையன்ஸ் கம்பெனியோட ஏஎஸ்6சி6264, டிப் பேக்கேஜ்ல (சாக்கெட்ல குத்துற மாதிரி ரெண்டு வரிசை கால் உள்ளது), முறையான டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட வாங்குனேன். விலை கூடத்தான். அதே ப்ரெட்போர்டுல மீட்டர் ஒரு மைக்ரோ ஆம்பியருக்குக் கீழ நின்னுச்சு. சாக்கெட்ல காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, பழைய சிப்பு ஒண்ணை நாலஞ்சு தடவை ஏத்தி இறக்கி வழுவழுப்பாக்கிட்டு புதுசை உக்கார வச்சேன்.

டெஸ்ட் எப்படின்னா, இந்த சிப்பு உக்கார்ற இடம் 32768ல இருந்து 40959 வரைக்கும், பேசிக் ப்ரோக்ராமும் ஃபைலும் அந்த அடிமட்டத்துல இருந்துதான் அடுக்கும். அதனால அங்க போக் பண்ணி (நேரா மெமரில எழுதி) டெஸ்ட் பண்ணுனா டெஸ்ட் ப்ரோக்ராமே அழிஞ்சுரும். நான் செஞ்சது, அப்பத்தா குறிப்பை மறுபடி அடிச்சு காப்பி பேஸ்ட் போட்டு 8கேயைத் தாண்டி ஊத வச்சேன், அப்புறம் சின்ன ப்ரோக்ராம் ஒண்ணு, 32768ல இருந்து 40959 வரைக்கும் ஒவ்வொரு பைட்டா பீக் பண்ணி (எழுதாம படிச்சு மட்டும்) கூட்டிக்கிட்டே போகும், வர்ற கூட்டுத்தொகையைப் பேப்பர்ல குறிச்சு வச்சாச்சு. பென்சில் பேட்டரியைக் கழட்டி அலமாரில வச்சு, ஒரு வாரத்துக்கு மேல ஆனப்புறம் பேட்டரி போட்டு அதே ப்ரோக்ராமை ஓட்டுனா அதே தொகை, ஒரு பைட்டு பிசகல.

இன்னொண்ணு, அடாப்டர் குத்துறவங்க கவனிங்க, இதுக்கு 6 வோல்ட், நடு முள்ளு நெகட்டிவ். இப்ப கடைல கிடைக்கிறது பெரும்பாலும் நடுவுல பாசிட்டிவ், மீட்டர் வச்சுப் பாக்காம குத்தாதீங்க. அடுத்த வேலை போர்டுல இருக்க எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரை எல்லாம் மாத்துறது, அதுல சிலது அடியில ஈரம் காட்டுது, பாகம் ஆர்டர் போட்டாச்சு. வாங்குனதும் ஒவ்வொண்ணையும் அளந்துட்டுத்தான் போர்டுல ஏத்துவேன்.