கலகலா உருட்டும் நேரம்

ரங்கூனில் இன்று காலைக் குளிரில், கிறிஸ்துமஸுக்குப் பொரிக்கும் இனிப்புப் பலகாரமான கலகலாவுக்குப் பிசைந்து வைத்த மாவின் மேல் ஆடை கட்டிவிட்டது.

டிசம்பர் காற்றில் ஈரம் குறைவு. காய்ந்த மாவைச் சுருட்டினால் ஓரம் ஒட்டாது, எண்ணெயில் வாய் பிளக்கும். ஈரத்துணி போட்டு மூடுங்கள்.

அரை கிலோ மைதாவுக்கு 100 கிராம் சர்க்கரைத் தூள், 1 முட்டை, 2 மேசைக்கரண்டி உருக்கிய நெய். தேங்காய்ப்பாலைத் தெளித்துத் தெளித்துப் பிசையணும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக.

கோலிக்குண்டளவு உருண்டையை, எண்ணெய் தடவிய முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டினால் வரி வரியாக, சங்கு மாதிரி வரும். மிதமான தீ போதும். எண்ணெய் அதிகம் காய்ந்தால் வெளியே கருகி, உள்ளே மாவாய் நிற்கும்.

பிள்ளைகள் கையிலும் ஒரு முள்கரண்டி கொடுங்கள். கோணலாய் வந்ததையும் ஒதுக்காமல் பொரியுங்கள்.

தட்டில் தன்னுடையது எது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும்.